காலிக் கலனை அளந்தவர்

அவைத் தலைவர் அவர்களே, இந்த ஆய்வுக்கூடத்தை ஆளாக்கிய மூத்தோர்களே, கையுறைத் தடம் மறையாத கைகளோடு வந்திருக்கும் தோழர்களே, இவர்களை எங்களுக்கு இரவல் தந்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஒரு கேள்வி. கலனில் இருந்த வாயு முழுவதும் வெளியேறிவிட்டது என்று எப்போது துணிந்து சொல்லலாம்? எனக்கு விடை தெரியாது. தெரிந்தவர் மேடைக்கு வரலாம். யாரும் எழவில்லை, தொடர்கிறேன்.

காற்றில் கலந்து வரும் கதிரியக்கச் செனான் வாயுவைப் பிடித்து அளப்பது எங்கள் தொழில். எதனோடும் ஒட்டாத வாயு என்று படித்தோம். அதுவோ, கதிர் பட்டால் மினுங்கி எங்களுக்கு எண்ணிக்கை தரும் கலனின் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்பெல்லாம் உறிஞ்சி எடுத்தாலும் நூறில் ஐந்து பங்கு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் முன் கலனைக் காலியாக ஒரு முறை அளக்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லியே 'காலி அண்ணன்' என்று பெயர் வாங்கியவர்தான் இன்று நாம் பாராட்டும் வெற்றிடக் கருவிக்காரர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அவசரம் என்று அந்தக் காலி அளவை நான் விட்டுவிட்டேன். முந்தைய நாள்தான் அதே கலனில் வலுவான சோதனை வாயுவை நிரப்பியிருந்தோம். புது மாதிரியில் செனான் தெரிந்தது. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கதிர்மருந்து ஆலையில் கசிவு என்று அறிக்கை எழுதினேன். அது போனால் ஆலைக்குப் பூட்டு. இருநூறு குடும்பங்கள் தெருவில்.

காலி அண்ணன் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், ஒரு தடவை காலியா ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பலாமே."

"உங்க மச்சான் அங்கதானே வேலை பாக்குறாரு? அதான் இவ்வளவு அக்கறையாண்ணே?"

"அங்கதான். அவனுக்கும் எனக்கும் ஆறு வருஷமா பேச்சே இல்ல. நீங்க கலனை ஓட்டுங்க."

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. ஓட்டினோம். வாயுவை எடுத்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லை. கசிவு எங்கே? ஆலையிலா? ஆற்றுக்கு அப்பாலா? இல்லை, எங்கள் கலனின் சுவரில், என் அவசரத்தில். அறிக்கை குப்பைக்கூடைக்குப் போனது.

அத்தோடு விட்டாரா? சுவரின் உட்புறத்தில் அலுமினிய ஆக்சைடு பூசினார். தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு. ஒரு முறை உரிந்தது. மறுமுறை விரிசல் விட்டது. மூன்றாம் முறை கலன் மினுங்கும் ஒளியையே மறைத்தது. ஆறு முறை அழிந்தது, ஏழாம் முறை அமர்ந்தது. நூறில் ஐந்தாக இருந்த மிச்சம் இன்று ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே.

நான் எளிதில் புகழ்பவள் அல்ல. என் மாணவர்கள் அதோ தலையாட்டுகிறார்கள். ஆனால் இவ்வளவு சாதித்த பிறகும் ஒவ்வொரு மாதிரிக்கும் முன் காலி அளவு எடுக்கிறாரே, தன் பூச்சையே சந்தேகிக்கிறாரே, அந்த மனிதரை நான் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அழைத்த அவைக்கும் பொறுத்த செவிகளுக்கும் நன்றி, வணக்கம். இறங்குமுன் ஒன்றே ஒன்று. அறிக்கையைக் கிழித்த மறுநாள் காலை, மன்னிப்புக் கேட்கத்தான் அவர் அறைக்குப் போனேன். கழற்றிய கலனை மடியில் வைத்திருந்தார். "மேடம், உள்சுவருக்கு ஒரு பூச்சு போட்டா என்ன?" என்றார்.

"வேலைக்கு ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.