வடக்குச் சரிவின் மணல் பாத்தி

மணல் பல்லி முட்டையிடும் முன் இடம் பார்க்கும். அவசரப்படாது. ஓரிடத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கும், சூடு போதவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். வீடு வாங்கும் மனிதர்களில்கூட இத்தனை பொறுமைசாலிகளை நான் பார்த்ததில்லை. அது அடைகாப்பதும் கிடையாது. முட்டையை மணலுக்குள் இட்டுவிட்டுப் போய்விடும், மிச்ச வேலை வெயிலுடையது. நம் ஊரில் வெயில் விழுவது தெற்குப் பக்கம்தான். அதனால்தான் பல்லிக்கு வெட்டும் பாத்தி எப்போதும் தெற்குப் பார்த்த சரிவில் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பிறகு தேவைப்படும்.

தேநீருக்கு நன்றி. எனக்குச் சர்க்கரை வேண்டாம்.

என் பெயர் உங்களுக்குத் தெரியும். லெனார்ட் டிஸ்ஸார்ட். வேலையில் இருந்த காலம் முழுக்க நில அளவையாளன். ஓய்வு பெற்ற பிறகு விண்டல் புதர்வெளியில் தொண்டனாகச் சேர்ந்தேன். வியாழக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். குளிர்காலத்தில் கோர்ஸ் முள்ளையும் பைன் கன்றுகளையும் வெட்டுவோம். வசந்தம் வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்குச் சரிவுக்குப் போய்ப் பல்லிகளுக்கு மணல் பாத்தி வெட்டுவோம். மேலே இருக்கும் வேர்ப்படலத்தைச் சீவி எடுத்து, அடியில் இருக்கும் மணலை முழங்கால் ஆழத்துக்குப் புரட்டி, பொலபொலவென்று விட வேண்டும். சும்மா குழி தோண்டுகிற வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். என்னைப் போல் வெட்ட அங்கே ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் பல்லிகளைக் கேளுங்கள்.

அந்தச் சரிவில்தான் சைக்கிள்காரர்கள் தடம் போட்டார்கள். நம் டோர்செட் மாவட்டத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இருந்தாலும் மலைச் சைக்கிளை வாங்கிவிட்டார்கள், எங்காவது இறங்கியாக வேண்டுமே. ஹெதர் புதர்களைப் பிளந்துகொண்டு இறங்கினார்கள். அங்கங்கே மண்ணைக் குவித்துக் குதிமேடு கட்டினார்கள். மழை பெய்தால் தடம் ஓடையானது. தரையில் கூடு கட்டும் வானம்பாடிகள் இடத்தைக் காலி செய்தன. நாங்கள் முள்ளை வெட்டி வந்து தடத்தின் குறுக்கே போடுவோம். அடுத்த வாரம் அந்த முள்ளே ஏதாவது ஒரு மேட்டுக்கு அடித்தளமாகக் கிடக்கும்.

அவர்களுக்குத் தலைவன் என்று சொல்ல வேண்டுமானால் கீரன் ஸ்டிக்லண்ட். ஊரில் குழாய் வேலை பார்த்தவன். முப்பது வயது இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், எனக்கு அது பிடிக்காது. நான் மண்வெட்டியோடு குனிந்திருக்கும்போது பின்னால் வந்து பிரேக் பிடிப்பான்.

"என்ன பெரியவரே, இன்னைக்கும் பல்லிக்குப் பாய் விரிக்க வந்துட்டீங்களா?"

கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். "தலகாணி வேணும்னா சொல்லுங்க, வீட்டுல பழசு ஒண்ணு கெடக்கு" என்பான் ஒருவன். நான் அடுத்த வெட்டு மணலைப் புரட்டுவேன். நாய் குரைத்தால் நாமும் குரைக்க வேண்டியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூன் மாதம் சரிவுக்குப் போனால், என்னுடைய நல்ல பாத்தி காலியாக இருந்தது. புரட்டிவிட்ட மணல் அள்ளுவதற்கு லேசாக இருந்ததால் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய் மேடு கட்டியிருந்தார்கள். மேட்டின் மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். முட்டைத் தோல்கள். வெயிலில் காய்ந்து, டயர் ஏறி, காகிதம் போல ஒட்டிக் கிடந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

கீரன் மறு வியாழனே, தொண்டர்கள் நாங்கள் கூடும் கொட்டகைக்கு வந்துவிட்டான். கையில் ஆப்பிள் கேக். எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்து நின்றான்.

"தெரியாம பண்ணிட்டோம். அதுக்குள்ள முட்டை இருக்கும்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா கை வெச்சிருக்கவே மாட்டோம்."

தெரியாமல். இந்த ஒரு சொல் போதும், உலகத்தில் எதையும் செய்துவிடலாம். கேக்கை வெட்டினார்கள். புதர்வெளிக் காப்பகத்தின் மேலாளர் ஹிலரி லோடர் அவன் தோளில் தட்டி, "வந்து சொன்னியே, அதுவே பெரிய விஷயம்" என்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் ஹிலரிக்கு அந்த யோசனை வந்தது. வடக்குச் சரிவில் பைன் மரங்களின் நிழலில் ஒன்றும் வளர்வதில்லை. பல்லி வராது, வானம்பாடி கூடு கட்டாது. அங்கே அனுமதியோடு ஒரு தடம் போட்டுக்கொள்ளட்டும், பதிலுக்குத் தெற்குச் சரிவை முழுக்க விட்டுவிடட்டும் என்றாள். நான் கூட்டத்திலேயே சொன்னேன், இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று. ஹிலரி சிரித்தாள்.

"பாத்துக்கலாம் லெனார்ட். அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதானே? வானத்துலேர்ந்தா குதிச்சாங்க?"

அவர்கள் பிடுங்கவில்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். ஒரு வருடம் முழுக்க தெற்குச் சரிவில் ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. பழைய மேடுகளை அவர்களே வந்து உடைத்துச் சமன் செய்தார்கள். கீரன் வியாழக்கிழமைகளில் வேலையை விட்டுவிட்டு எங்களோடு பாத்தி வெட்டவும் வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஓநாய் நன்றாகவே வெட்டியது. போன கோடையில் முட்டை இருந்த பாத்திகளில் முக்கால்வாசி அவன் வெட்டியவை. ஹிலரி எல்லோரிடமும் அதைச் சொல்லி மாய்ந்து போனாள். தேநீர் நேரத்தில் எல்லோரும் அவனைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் மண்வெட்டிகளைச் சாத்தி வைத்தார்கள்.

எனக்கு அவன் மேல் வெறுப்பு இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் செய்த காரியத்துக்குப் பலன் வேண்டும், அவ்வளவுதான். கேக் ஒரு பலன் அல்ல.

அவனாகவே ஒருநாள் என்னிடம் வந்து உட்கார்ந்தான். வடக்குச் சரிவில் தடம் முடியப்போகிறது, மே மாதத்தில் திறப்பு என்றான். கீழே கடைசியில் ஒரு பெரிய மேடு இருக்கிறதாம். மேலிருந்து வருபவனுக்கு மேட்டின் அந்தப் பக்கம் தெரியாது, நம்பிக் குதிக்க வேண்டியதுதானாம்.

"முதல்ல யாரு குதிப்பாங்க?" என்று கேட்டேன்.

"கட்டினவன்தான் முதல்ல குதிக்கணும். அது எங்க சட்டம். தப்பா கட்டியிருந்தா நம்ம பல்லுதான் போகணும், அடுத்தவன் பல்லு போகக் கூடாது பாருங்க."

"நல்ல சட்டம்" என்றேன். உண்மையாகவே நல்ல சட்டம் என்றுதான் எனக்குப் பட்டது.

திறப்பு நாளன்று விடியற்காலையிலேயே கீழ்ப்பக்கமாக உள்ளே போனேன். முந்தின மாலையே அவர்கள் தடத்தை நடந்து பார்த்து முடித்திருந்தார்கள். மேட்டைத் தாண்டி, குதித்தவன் சக்கரம் தரையைத் தொடும் இடத்தை அளந்து கண்டுபிடிப்பது எனக்குக் கடினமல்ல. அடித்து இறுக்கிய மண்ணைக் கொத்தினேன். அடியில் நல்ல மணல் இருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் புரட்டிப் பொலபொலவென்று விட்டேன். மேலே மெல்லிசாகத் தட்டிவிட்டு, பைன் சருகைத் தூவினேன். சருகு காற்றில் வந்து விழுந்தது என்று உங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். காற்று பாத்தியின் அளவுக்குச் சரியாகச் சருகு தூவுமா, இன்ஸ்பெக்டர்? கேட்டிருக்க வேண்டாமா?

வேலை முடிந்து மேலே ஏறி வந்தேன். சாயங்காலக் கல்யாணத்துக்குக் காலையிலேயே பந்தல் போட்டதுபோல் அங்கே கூட்டம். கொடித் தோரணம், சுடச்சுட பேக்கன் ரொட்டி. கீரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். என்னையும் மண்வெட்டியையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன், பெரியவரே. என்ன, விடியறதுக்குள்ள பல்லிக்குப் பாய் விரிச்சாச்சா?"

"விரிச்சாச்சு" என்றேன்.

"கீழேருந்தா வர்றீங்க? தடம் எல்லாம் சரியா இருக்கா?"

அவன் கேட்டது சாதாரணமாகத்தான். மண்ணைப் பற்றி என்னிடம் கேட்பதில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு நிறைய நேரமும் இருந்தது. அவன் கையுறையின் பட்டையை இழுத்துக் கட்டி முடிக்கும் வரை யோசித்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினான். எல்லோரும் கைதட்டினார்கள். மரங்களுக்கு நடுவே அவன் சிவப்புச் சட்டை தெரிந்து தெரிந்து மறைந்தது. பிறகு மேட்டின் மேலே ஒரு கணம் முழுசாகத் தெரிந்தது. அழகாகத்தான் குதித்தான். முன்சக்கரம் மணலுக்குள் போய் நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. எதிரே பைன் மரம். கழுத்து அங்கேயே முறிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்தது. இறங்குவதற்கு வேறு இடமே கிடைக்காததுபோல் தெற்குச் சரிவின் உச்சியில் இறங்கியது. அங்கே அந்த வருடம் ஒரு வானம்பாடிக் கூடு இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எதையும் ஒளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் தோண்டியது என்று ஹிலரி கத்தியபோது, நான்தான், பல்லிக்குப் பாத்தி வெட்டினேன் என்று சொன்னேன். தடம் அந்த வழியாகத் திரும்புவது தெரியாது என்றேன். ஒரு கிழவன் கையில் மண்வெட்டியோடு நடுங்கி நிற்பதைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். நடுங்கியது விடியற்காலையிலிருந்து கொத்தியதால். முட்டி வலி எனக்குப் பழசு.

அடக்கம் முடிந்த பிறகு அவன் தாய் என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. அவன் எப்பவும் உங்களைப் பத்திதான் பேசுவான். மண்ணு வெட்டறதுன்னா அவர்கிட்டதாம்மா கத்துக்கணும்பான். தெரியாம நடந்ததுக்கு யாரை என்ன சொல்றது?"

மறுபடியும் அதே சொல். நான் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை. போகும்போது ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன், ஆப்பிள் கேக். அன்று எனக்கு வந்த கோபம் முட்டைத் தோல்களைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

ஆனால் நான் இன்று இங்கே வந்ததற்கு அவள் காரணம் அல்ல. அந்தத் தடத்தை மூடிவிட்டார்கள். ஒப்பந்தம் போயிற்று. சைக்கிள்காரர்கள் திரும்பவும் தெற்குச் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் பார்த்தேன், கீரன் வெட்டிய பாத்தியின் நடுவில் டயர் தடம். நான் அன்றே சொன்னேனே, இவர்களை நம்பக் கூடாது என்று. யார் கேட்டார்கள்? அதற்காகவும் நான் வரவில்லை.

நேற்று கொட்டகைக்குப் போனேன். என் மண்வெட்டியைக் காணோம். ஹிலரி என்னை ஓரமாக அழைத்துப்போய், குழந்தையிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இனிமே நீங்க வெட்ட வேண்டாம் லெனார்ட். வந்து உக்காந்து டீ குடிங்க, அது போதும். வடக்குச் சரிவுல போய் யாராச்சும் பல்லிக்கு வெட்டுவாங்களா? வயசாயிடுச்சு, திசை தடுமாறிடுச்சு. நான் போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். உங்களை யாரும் குத்தம் சொல்லல."

சுற்றி இருந்தவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் மண்வெட்டியை, போன மாதம் சேர்ந்த ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான், அதைப் பிடிக்கும் விதம்கூட அவனுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. இத்தனை நாளில் தூக்கம் போனது அந்த ஓர் இரவுதான்.

உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறதாமே. முதியவர், திசை குழம்பி, தவறான சரிவில் பாத்தி வெட்டிவிட்டார், விபத்து. இந்த மாவட்டத்தில் பாதி நிலத்தை அளந்து எல்லைக் கல் நட்டவன் நான். கண்ணைக் கட்டி எந்தப் புதருக்குள் விட்டாலும் வடக்கு எது, தெற்கு எது என்று சொல்வேன். வடக்குச் சரிவில் எந்தப் பல்லியும் முட்டையிடாது என்பது எனக்குத் தெரியும். அவன்தான் முதலில் வருவான் என்று தெரியும். எந்த இடத்தில் இறங்குவான் என்று தெரியும். எல்லாம் தெரிந்துதான் வெட்டினேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் 'தவறான சரிவு' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.