மூன்றாம் கவுண்டரை மூடிவைத்த மேற்பார்வையாளர் அம்மையாருக்கு

எட்டுக்கால் பூச்சியிலும் எழில் கண்ட எம் தலைவியே! எறும்பின் மீசையையும் எண்ணிப் பார்த்த எங்கள் அஞ்சலக மேற்பார்வையாளரே! பார்சல் அறைப் பல்லிகளும் பயமின்றிப் பழகிய எங்கள் லென்ஸ் அக்காவே!

முப்பத்திரண்டு ஆண்டுகள் முறை வழுவாது பணியாற்றினீர்கள். ஒரு பதிவுத் தபால்கூடத் தவறியதில்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால், அம்மம்மா, அந்தக் கேமராவோடு நாங்கள் பட்ட பாடு! வாசல்வரை வரிசை வளைந்து நிற்க, தாங்களோ மேசைக்கடியில் மண்டியிட்டு, மூச்சை அடக்கி, முட்டையிடும் பூச்சியை முக்கால் மணி நேரம் படமெடுத்தீர்கள். "யாரும் நடக்காதீங்க, தரை அதிருது!" என்ற அதட்டல் வேறு. நடக்காமல் தபால் பிரிப்பது எப்படி, தாயே? பூச்சி லென்ஸைக் கழற்ற மறந்து தாங்கள் எடுத்த அலுவலகக் குழுப்படத்தில், தபால்காரர் காதில் உட்கார்ந்த ஈ மட்டுமே தெளிவு. பதினான்கு பேரும் பனிமூட்டம்!

இப்போது மூன்றாம் கவுண்டர். அங்கே முத்திரை வைக்கும் பலகையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியதும் ஷட்டரை இறக்கிவிட்டீர்கள். பதினெட்டு நாள்களாக மூன்று கவுண்டர் வேலையை இரண்டில் வைத்து மல்லாடுகிறோம். "எப்பங்க தொறப்பீங்க?" என்று கேட்பவர்களிடம், "உள்ள குளவி இருக்குங்க" என்று சொல்லி அசடு வழிகிறோம்.

குளவிக் குஞ்சு கூட்டைத் துளைத்து முகம் காட்டும் அந்த ஒரு நொடிக்காகப் பல்லாண்டுகளாகத் தாங்கள் தவமிருப்பதை அறிவோம். சென்ற ஆண்டு அப்படி ஒரு கூட்டை, ஆய்வாளர் வருகிறார் என்ற அவசரத்தில் நாங்கள்தான் சுரண்டி எறிந்தோம். தாங்கள் திட்டவில்லை. உதிர்ந்த மண்ணைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய், சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதீர்கள். நாங்கள் சிரித்தோம். அது தப்பு, அக்கா, இன்னும் உறுத்துகிறது.

இன்று தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். குஞ்சு வர இன்னும் ஐந்து நாளாவது ஆகும் என்கிறீர்கள். புதிய மேற்பார்வையாளரோ நாளையே மூன்று கவுண்டரும் திறக்க வேண்டும் என்றார். அனைவரும் கையெழுத்திட்டு அவரிடம் அவகாசம் கேட்டோம். "என்னங்க ஆபீஸ் இது!" என்று தலையில் அடித்துக்கொண்டவர், ஒரு வாரம் தந்திருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கேமராவோடு வாருங்கள். கூட்டுக்கு எதிரே நாற்காலி போட்டிருக்கிறோம்.

நோயின்றி, கண்ணொளி குன்றாது, நூறாண்டு வாழ்க! அடேய் குளவியே, உனக்கும் சேர்த்தே இந்த மடல்: அக்கா வந்து உட்காருமுன் வெளியே வந்து தொலைத்துவிடாதே!

இரண்டு கவுண்டரில் மூன்று வரிசையைச் சமாளிக்கும்,
அஞ்சலக ஊழியர்கள்