வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும்

பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்கூட நான் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். எப்போது தயாரித்தது, எதுவரை தின்னலாம், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அது காலாவதியே ஆயிடும்" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது. அங்கே எனக்கு 'லேபிள் அக்கா' என்று பெயர். நேற்று விசாரிக்க வந்தபோது நீங்களும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேடினீர்கள், சார்.

நேற்று நீங்கள் கேட்டதெல்லாம் என் தங்கை புருஷனைப் பற்றி. அவர் என்ன மாத்திரை கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்று. அவர்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் இன்று நானாகவே வந்தேன்.

என் தங்கை குட்டிக்கு எட்டு வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. அவளைப் படிக்க வைத்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் வாழ்க்கையில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

இருபத்தாறு வயதில் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து உடம்பு கெட்டது. முகம் வீங்கியது, முடி கொட்டியது, எந்நேரமும் தூக்கம். தைராய்டு குறைவு என்றார் டாக்டர். வாழ்நாள் முழுக்கத் தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அந்த மருந்துப் புட்டியில் லேபிள் எழுதி ஒட்டியது நானேதான். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும். பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் கழித்து.

இரண்டே மாதத்தில் தேறிவிட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டைப் பெருக்கினாள். "அக்கா, அந்த வேலைக்கு மறுபடியும் எழுதிப் போடட்டுமா?" என்றாள். போடு என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் அவளுடைய மாத்திரையைப் பால் டம்ளரோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் மருந்தில் பாதி உடம்பில் சேராது. பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்தது. ஒருநாள்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் எனக்கு எந்த அவசரமும் இல்லை. அன்றும் அப்படித்தான் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கொடுத்தேன், சார். ஒரு மாத்திரை கூட்டவில்லை, ஒரு மாத்திரை குறைக்கவில்லை. வேறு எதையும் கலக்கவில்லை. பாலைக்கூட நல்ல பாலாகத்தான் வாங்கினேன். புட்டியில் இருந்த மாத்திரைகளை மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன். லேபிள் ஒட்டிய புட்டியிலிருந்து மருந்தை வேறு எதிலும் மாற்றாதீர்கள் என்று ஜன்னலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவள் நான்.

குட்டி எதுவும் கேட்டதில்லை. "எங்கக்கா குடுத்தா கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவேன்" என்பாள். மறுபடியும் சோர்ந்து படுத்தாள். சாயங்காலம் நான் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். தலை வாரிவிடுவேன். உதிர்கிற முடியைப் பார்த்து அழுவாள், நானும் கூடவே அழுவேன். அந்த அழுகை பொய் இல்லை. அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

ரத்தப் பரிசோதனை சரியாக வராததால் டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஐம்பது மைக்ரோகிராமில் தொடங்கியது இருநூறில் வந்து நின்றது. ஒரு தடவை, "வெறும் வயித்துலதானே குடுக்கறீங்க?" என்று கேட்க ஆரம்பித்து, அவரே சிரித்துவிட்டார். "உங்ககிட்டப் போய் இதைக் கேக்கறேன் பாருங்க." நானும் சிரித்தேன்.

பிறகு எங்கள் மருந்து அறையின் ஃபிரிட்ஜ் கெட்டுப்போனது. சரிசெய்ய வந்தவர் ஒருநாள் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். ஜன்னலோரம் இருந்த குட்டியைப் பார்த்தார். முகம் வீங்கி, முடி கொட்டிப்போன பெண்ணைத் தேடி ஏழு மாதம் வந்தார். நான் தடுக்கவில்லை. கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்தேன்.

அவள் கிளம்பும்போது புதுப் புட்டியில் லேபிள் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். இருநூறு. வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும். லேபிள் இல்லாத மருந்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது தவறு. அவர் எந்திரம் வாங்கினால் அதோடு வரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். அலாரம் வைத்துத் தினமும் விடியற்காலையில் தண்ணீரோடு கொடுத்திருக்கிறார். இரண்டு வருடமாகப் பாதிக்கும் மேலே வீணாய்ப் போன மருந்து, முழுசாக உள்ளே போக ஆரம்பித்தது.

முதலில் அவள் உடம்பு இளைத்தது, சுறுசுறுப்பு வந்தது. இரண்டு பேரும் பூரித்துப் போனார்கள். ஐந்தாவது வாரம் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, நெஞ்சு சும்மாவே படபடன்னு அடிக்குது. கை நடுங்குது. தூக்கமே இல்ல."

கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தேன்.

"ஏன்க்கா, நாம பாலோடதானே சாப்பிட்டோம்? இதுல தண்ணியோட மட்டும்னு போட்டிருக்கே. இவர் உங்கிட்ட கேக்கச் சொன்னாரு."

அப்போது நான் ஜன்னலில் இருந்தேன். வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். மாத்திரையை இன்றே நிறுத்து, டாக்டரைப் பார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு இரண்டு வருடத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். படபடப்பு தாங்காமல் என்னிடமே திரும்பி வந்துவிடுவாள் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"புது இடம், அப்படித்தான் இருக்கும். லேபிள்ல போட்டிருக்கிற மாதிரியே சாப்பிடு" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, துணி காயப்போடும்போது விழுந்தாள். இத்தனை நாள் நோயில் இதயம் ஏற்கெனவே பலவீனமாகியிருந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் குடுத்த மாத்திரைதான்க்கா அவளைக் கொன்னுடுச்சு" என்றார். நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். நீங்கள் அவரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று தெரியும்வரை பேசாமலே இருந்தேன்.

அவர் என் கையெழுத்தைப் படித்தார், படித்தபடி செய்தார். எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துப் பார்க்கச் சொன்னீர்கள். படித்துவிட்டேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை, தேதியும் சரி. மூன்றாவது பக்கத்தில் மட்டும் ஒரு வரியைத் திருத்த வேண்டும், சார். 'இரண்டு ஆண்டுகள் தங்கையை வேண்டுமென்றே நோயாளியாக வைத்திருந்தேன்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, 'பார்த்துக்கொண்டேன்' என்று எழுதுங்கள்.