வெறும் வயிறு

அக்கா: நர்ஸ்கிட்ட என்னடா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு.

தம்பி: மெதுவாக்கா... எல்லாரும் பாக்கறாங்க.

அக்கா: பாக்கட்டும்! பச்சத்தண்ணி கூடக் குடிக்காதேன்னு நேத்தே தலபாடா அடிச்சுக்கிட்டேனே!

தம்பி: மறந்துபோய் ஒரு டீ குடிச்சிட்டேன். இப்ப என்ன, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

அக்கா: போன மாசமும் இதையேதான் சொன்ன. எங்க குடிச்ச?

தம்பி: கீழ... மெஷின்ல.

அக்கா: அது ரிப்பேர்னு அட்டை தொங்குது. நானே ஒரு உதை விட்டுப் பாத்துட்டுத்தான் வரேன். உண்மையச் சொல்லுடா!

தம்பி: சரி, குடிக்கல! போதுமா? தொண்டைக்குள்ள குழாய விட்டுக்கிட்டு... என்னால முடியாது.

அக்கா: பட்டறையில நாள் முழுக்க நெருப்போட நிக்கற. ஒரு குழாய்க்கா இந்தப் பயம்?

தம்பி: குழாய்க்கு இல்லக்கா. உள்ள ஏதாவது... இருந்துட்டா?

அக்கா: அப்பாவும் இப்படித்தான் தள்ளிப் போட்டாரு. அப்புறம் அண்ணன். ரெண்டு பேரையும் வயித்துல வந்த புத்துதான் கொண்டுபோச்சு. அந்தப் புத்த வரவைக்கற கிருமி வேற உன் வயித்துல இருக்குன்னு டெஸ்ட்ல வந்தாச்சு. இன்னும் என்னடா வேணும்?

தம்பி: எனக்குத்தான் வலிக்கவே இல்லையே!

அக்கா: வலி வந்தப்புறம் பாத்துத்தானே அண்ணன... வலிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்னுதான் டாக்டர் கூப்பிட்டாரு.

நர்ஸ்: அம்மா, இங்க சத்தம் போடாதீங்க. டீ குடிச்சவங்க வீட்டுக்குப் போகலாம்.

அக்கா: குடிக்கல சிஸ்டர், பொய். ரெண்டு நிமிஷம்... இதோ வந்துடுவான்.

நர்ஸ்: சீக்கிரம். டாக்டர் கிளம்பிடுவாரு.

தம்பி: வரேன்னு நான் சொன்னேனா? என்னையே ஏன் பிடிச்சு இழுக்கற? உனக்கும் அவருதானே அப்பா? உன் வயிறு என்ன இரும்புலயா செஞ்சது?

அக்கா: பேசாம எழுந்திரு.

தம்பி: பாத்தியா, பேச்ச மாத்தற! அதிகாரம் பண்ண மட்டும் அக்கா. நீ போய்ப் படு மொதல்ல அந்தக் கட்டில்ல!

அக்கா: படுத்தேன்டா. போன வாரம்.

தம்பி: ...என்னது? யாரு கூட வந்தாங்க?

அக்கா: யாரும் வரல.

தம்பி: பைத்தியமா நீ? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? அக்கா... என்ன சொன்னாங்க?

அக்கா: கடுகளவு இருக்காம். இப்பவே கண்ணுல பட்டதால, வயித்தக் கிழிக்காம அந்தக் குழாய் வழியாவே எடுத்துடலாம்னாங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. எனக்கும் ஒரு வலியும் இல்லடா... உள்ள போ.