மூன்று நாள் முந்திய தேதி

மவுஸைப் பிடித்து இழுத்துக் கோப்புகளை நகர்த்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம், மேடம். கை தவறினால் அது எங்கே போய் விழுந்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம். நான் பதினாறு வருடமாகக் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித்தான் வேலை செய்கிறேன். நகலெடுக்க இரண்டெழுத்து, நகர்த்த இரண்டெழுத்து. சொன்னதை மட்டும் செய்யும், வளவளவென்று பேசாது. மருத்துவமனையில் எனக்குப் 'பத்திரம்' என்று பட்டப்பெயர். எதைத் தொட்டாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவேன், அதனால் வந்த பெயர். இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைக்கூட நான் அழித்ததில்லை. இதை வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். சோதனை இயந்திரம் தருகிற கோப்புக்குள் ஆளின் பெயர் இருக்காது, வெறும் அளவுகள்தான். கோப்புக்குப் பெயராக வைக்கிற எண்தான் ஆள். மருத்துவர் அந்த எண்ணைத் தட்டினால் முடிவு திரையில் வரும். உள்ளேயும் பெயரைப் போடச் சொல்லி மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முகமெல்லாம் வீங்கி, தலையணையில் சாய்ந்துகொண்டு, "உன்கிட்ட கேக்கவே கூச்சமா இருக்குடா. ஒண்ணு குடுப்பியா?" என்றார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதெல்லாம் கேக்கணுமாண்ணே?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். என் முதல் கம்ப்யூட்டர், அவர் தன் பைக்கை விற்று வாங்கித் தந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். மறுநாள் காலை, மருத்துவர் வருவதற்குள் முடிவைத் திறந்து பார்த்தேன். பொருந்தியிருந்தது. அறுவைசிகிச்சைக் கத்தியை நினைத்தேன். பயந்துவிட்டேன், மேடம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் என் கோப்பை என் சொந்த ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். பிறகு வேறு யாருக்கோ வந்திருந்த, பொருந்தாத முடிவு ஒன்றை என் எண்ணின் மேல் நகலெடுத்தேன். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மேலே எழுதவா?' என்று கணினி கேட்டது. கவனக்குறைவால் யாரும் எதையும் இழந்துவிடக் கூடாது என்று எல்லாக் கணினியிலும் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவனே நான்தான். ஆம் என்பதற்கான ஒற்றை எழுத்தைத் தட்டினேன்.

மருத்துவர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்திருப்பேடா, எனக்குத் தெரியும். ஒத்துப்போகலைன்னா நீ என்ன பண்ணுவே?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று நான் அழுதேன். அது நடிப்பில்லை.

தற்காலிக ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். அசல் என்னிடம் இருக்கிறது, ஒரே கட்டளையில் திருப்பி வைத்துவிடலாம், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் தங்கை தானும் இரத்தம் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் பொருந்தியது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளைக் கேட்காமலே அவள் எண்ணுக்கும் அதே நல்லதைச் செய்தேன். வீட்டில் ஒருவருக்குப் பொருந்தினால் மற்றவர்களுக்கும் மறுபடி சோதனை செய்வோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவும் ஒரு காரணம்தான்.

பதினோரு மாதம். வாரத்துக்கு மூன்று நாள் நானே அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். வீங்கிய காலைப் பிடித்துவிட்டேன். "உன்னை மாதிரி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்" என்பார் அண்ணி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த நாற்காலியிலேயே அண்ணன் போய்விட்டார். என் கை அவர் கைக்குள் இருந்தது.

எப்படி மாட்டினேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் பழைய கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறாள். நகலெடுக்கும்போது கோப்பின் பழைய தேதி மாறாமல் கூடவே வரட்டும் என்று கட்டளையில் சேர்ப்பது என் பழக்கம். அன்றும் கை அதைச் சேர்த்தே தட்டியிருக்கிறது. அந்த வேறு ஆளின் தேதியும் கூடவே வந்துவிட்டது; அதனால் என் இரத்தம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே என் முடிவு வந்துவிட்டதாகத் தேதி காட்டுகிறது. அரைகுறையாக வேலை கற்றவன் தப்பித்திருப்பான்.

அண்ணி வெளியே நின்று ஏதேதோ சொல்கிறார். அவர் துக்கம், சொல்லட்டும். ஆனால் நான் எதையும் அழிக்கவில்லை, மேடம். என்னுடையதும் தங்கையுடையதும், இரண்டு அசலும் என் ஃபோல்டரில் ஒரு எண்கூடக் குறையாமல் இருக்கின்றன. திறந்து பாருங்கள், இரண்டுமே அண்ணனுக்குப் பொருந்தும். யாராவது என்னிடம் வந்து வாய்விட்டுக் கேட்டிருந்தால், அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்பேன்.