பத்து நிமிஷப் பேச்சு

...அதான்க்கா, வயிறு எரியுது! 'குமுதா, திங்கக்கிழமைக்குள்ள பினாங்குத் தமிழ்ப் பேச்சு பத்து நிமிஷ ஆடியோ கொண்டாங்க, இல்லன்னா மொழியியல் பாடத்துல தமிழ்ப் பகுதிய தூக்கிடுவேன்'ங்கறாங்க எங்க காலேஜ் பாஸ், புவான் நோர்மா. அவங்களுக்கென்ன, ஏர்கோன்ல உக்காந்து சொல்லிட்டாங்க. நாலு வருஷமா கெஞ்சிக் கூத்தாடி நான் நொழைச்ச பாடம்க்கா அது!

தேடாத எடமில்ல. லைப்ரரில இருந்தது சிடி வச்ச ஒரே புத்தகம், அதையும் எவனோ எடுத்துட்டுப் போயி வருஷக்கணக்காச்சு. நெட்ல பாத்தா எல்லாம் மெட்ராஸ் பேச்சு. போட்டுக் காட்டுனா, 'டீச்சர், இது சீரியல்லா'ங்குதுங்க பிள்ளைங்க. 'கெரெத்தாவ ஜாலான் ஓரமா நிப்பாட்டிட்டு பாசாருக்குப் போனேன்'னு காரு, ரோடு, மார்க்கெட்டெல்லாம் மலாய்ல போட்டுப் பேசுறோமே, அது எங்கயும் இல்ல!

சரி, நானே ரெக்கார்ட் பண்றேன்னு நாசி கண்டார் சோத்துக்கடை காஜா மொய்தீன் அண்ணன்கிட்ட போனேன். சும்மா இருக்கறப்ப 'ஏய், கறிய அள்ளிப் போடுலா'ன்னு கத்துற மனுஷன். போன நீட்டுனதும் சட்டப் பட்டன மாட்டிக்கிட்டு, 'பெருமதிப்பிற்குரிய சபையோர்களே'ங்கறாரு! சபை எங்கக்கா இருக்கு? நாலு மேசை, ஒரு பூனை! மைக்கக் கண்டா நம்மாளுங்களுக்கு கல்யாண வாழ்த்துரைதான் வரும்.

அப்புறம் பக்கத்து வீட்டு ருக்கையா அக்கா. ரெண்டு மணி நேரம் எடுத்தேன். என் ஸ்டூடண்ட் கோகுலன் கேட்டுட்டு, 'டீச்சர், அவங்க மொத்தமே எட்டு வார்த்ததான் பேசிருக்காங்க'ங்கறான். அவங்களுக்குக் கூச்சம், நான் என்ன செய்ய?

அதான் கொம்தார் பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்ததும் விடல. ரெக்கார்ட் பண்ண சம்மதம்னு ஃபாரத்துல கையெழுத்து வாங்குனப்பவே போன ஆன் பண்ணிட்டேன். பாலிக் புலாவ் வரைக்கும் ஒரு மணி நேரம் இருக்கே, தாராளமா... என்னது, அடுத்த ஸ்டாப்பே பாலிக் புலாவா? அதுக்குள்ளயா! இருங்க, எப்படி வந்திருக்குன்னு போட்டுப் பாப்போம்...

ஐயோ. இது என் குரல்லா. தள்ளிப் போடுறேன்... இங்கயும் நான்தான். ஆங், இது நீங்க... 'ம்'. அவ்ளோதானா? அடக் கடவுளே, அப்ப ருக்கையா அக்கா பாவம்! கூச்சமுமில்ல ஒண்ணுமில்ல, நான்தான் வாயத் தொறக்க விடல!

எதுக்குக்கா சிரிக்கிறீங்க? இதையே போடவா? கிண்டலா?... அட, ஆமால்ல! நானும் இதே பினாங்குல, பிறையில பொறந்து வளந்தவதானே! சபையோர்களே ஒரு எடத்துலகூட இல்ல! என் பாடம் பொழச்சுதுக்கா! ஃபாரத்துல என் பேரையே எழுதிக்கிறேன்.

இருங்க இருங்க... புவான் நோர்மாவும் கிளாஸ்ல வந்து உக்காருவாங்களே. தமிழ் தெரியாட்டியும் அவங்க பேரு காதுல விழுமே! அவங்கள திட்டுனத வெட்டணும். இது வேணாம்... இதுவும் வேணாம்... இது ஐயையோ, வேணவே வேணாம்... மிச்சம் நாலு நிமிஷம். ஒரு மணி நேரத்துல நாலே நிமிஷம்! இன்னும் ஆறு வேணும்க்கா. ஏதாச்சும் கேளுங்க, நான் பேசுறேன்... க்கா? அக்கா!... எறங்கிட்டாங்களா?

டிரைவர் அண்ணே... நீங்க தமிழ்தானே?