ஏழாம் அத்தியாயம் நகர்ந்த விதம்

சாயாவுக்கு நன்றி சார். சீனி மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று. பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது நாவல் எழுதுகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. கணவன் செத்த செய்தி மனைவிக்கு வருகிறது. எத்தனை தரம் எழுதினாலும் அவள் சினிமாக்காரி மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கே வெட்கமாக இருந்தது.

கதை நின்றால் எழுதுகிறவர்கள் செய்வதையெல்லாம் செய்தேன். முதலிலிருந்து வாசித்தேன். கள்ளிக்காடு ஊருக்குப் போய் அணைக்கட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவளை விட்டுவிட்டு மாமியார் சொல்வதுபோல எழுதிப் பார்த்தேன். ம்ஹூம், ஒன்றும் பலிக்கவில்லை.

பக்கத்து வீட்டு பினு, மெஷின் வைத்துத் தெங்கு ஏறித் தேங்காய் பறிக்கிறவன். மனைவி ரெஜிலா. ஒருநாள் வேலியோரம் நின்று அவளிடம் சொன்னேன்.

"ரெஜிலா, பினு அம்பூரியில தெங்குல இருந்து விழுந்துட்டானாம்."

முகம் எப்படி மாறுகிறது என்று உற்றுப் பார்த்தேன். அவளோ சட்டென்று போனை எடுத்தாள். மறுமுனையில் பினு, "எந்தா டீ?" என்றான். எல்லாம் கெட்டது.

"சாறுக்குத் தலைக்குச் சொகமில்லியா? எனக்க உயிரே போயிட்டு வந்து!" என்று கத்தினாள்.

நியாயமான கோபம். தப்பு என்மேல்தான். பொய்யைச் சொல்லிவிட்டு நிஜத்தை எதிர்பார்த்தால் எப்படி?

அடுத்த வாரம் பினுவைத் தேங்காய் பறிக்கக் கூப்பிட்டேன். மெஷினை மரத்தடியில் வைத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றான். மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பியில் ஒரு நட்டு உண்டு. அதை நான் கழற்றவில்லை சார், வாக்குமூலத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள். தளர்த்தினேன். வேறு வீடு என்றால் ஏறுமுன் ஒருதரம் இழுத்துப் பார்ப்பான். என் வீடு என்பதால் பார்க்கவில்லை.

"சாறே, இதக் கையில வெச்சோணும். மேல கொண்டுபோனா விழும்" என்று போனை என்னிடம் தந்தான்.

உச்சியை எட்டும்முன் கம்பி விட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை.

செய்தியை நானே கொண்டுபோனேன். ரெஜிலா நம்பவில்லை.

"மறுபடியும் வெளையாட்டாக்கும்? இந்த சாறுக்கு வேற வேலையே இல்ல" என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்து அழைத்தாள்.

மணி என் சட்டைப்பையில் அடித்தது.

அவள் அழவில்லை. என் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, அடுப்பில் கிடந்த சோற்றை இறக்கி வைத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் ஓடினாள். அந்த மூடி எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றியிருக்காது சார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். கை நிற்கவே இல்லை.

பினுவை நினைத்து வருத்தம் இல்லையா என்கிறீர்கள். உண்டு, இல்லாமலா? நல்ல பையன். ஆனால் என்ன செய்ய, கதையில் அவனுக்கு நாலு வரிக்கு மேல் இடமில்லை.